நெட்டிலிங்கத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குள் யார் வந்தாலும் உபயதாரர்களைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் பார்க்க முடியும். நுழைவு வளைவில் ஒரு பெயர். கொடிக்கம்பத்து மேடையில் ஒரு பெயர். மணி என்று தொங்கும் தண்டவாளத் துண்டில்கூட வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர். பத்தாம் வகுப்பு டியூப் லைட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து அப்பா பெயர், தாத்தா பெயர், கடைப் பெயர் எல்லாம் எழுதியதில் வெளிச்சம் வர இடமில்லாமல் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாது, யார் கொடுத்தது என்று பார்க்கலாம்.

கேலிக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலிதான். ஆனால் இந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்காரப் பெஞ்சு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அரசாங்கம் கம்ப்யூட்டர் அறை கொடுத்தது, சைக்கிள் கொடுத்தது. மற்றதை எல்லாம் ஊரில் பிறந்து வெளியே போய் நல்லபடியாக இருப்பவர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் தங்கள் அய்யா பெயரையோ அம்மா பெயரையோ எழுதிக்கொண்டார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம், கோயிலிலும் அப்படித்தான்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின். தையல்காரிக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க வர வேண்டும், எனக்கு அது மட்டும் வராது. ஒரு பாபின் நூல் தீருவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய், தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால்தான் கால் அடங்கும். அந்தக் கெட்ட பழக்கம்தான் என்னைப் பள்ளிக்கூடத்து விவகாரத்தில் மாட்டிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி அதற்குத் தலைவியாக இருக்க வேண்டும். கூட்டத்தில் தலைமையாசிரியர் யாராவது முன்வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டு ரவிக்கை ஒன்றைக் கொக்கி வைக்காமல் மிஷின் மேல் போட்டுவிட்டு வந்திருந்தேன் நான். "சீக்கிரம் முடிங்க சார், வேலை கெடக்கு" என்று சொல்ல எழுந்து நின்றேன். எழுந்து நின்றவளையே தலைவி ஆக்கிவிட்டார்கள்.

கையெழுத்துப் போடுவது மட்டும்தான் வேலை என்று நினைத்தேன். ஒன்றிரண்டு கூட்டங்கள் அப்படித்தான் போயின, டீயும் கொடுத்தார்கள்.

என் மகள் அப்போது ஒன்பதாவது. வீட்டுக்குள் என்னை மாதிரி வாயாடி, வெளியில் அவள் அப்பாவை மாதிரி ஊமை. அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், பெரும்பாலும் எங்களுக்கு அவர் போனில் வரும் ஒரு குரல். காலையில் அவளுக்கு ஒரு நீல பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும் முதல் வேலையாகப் பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பேன். காலியாக இருக்கும். நம் பிள்ளை சொன்ன சொல் கேட்கிறாள் என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

ஆடி மாதம், காற்று கரிசல் புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பிள்ளை வந்ததும் வராததுமாகச் சுருண்டு படுத்துவிட்டாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். நீர்க்கடுப்பு என்றார் டாக்டரம்மா. தொற்று மேலே ஏறியிருக்கிறது, விட்டால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்றார்.

"தண்ணி குடிக்கிறாளா?"

"பாட்டில் காலியாத்தான் வருது டாக்டரம்மா" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. தண்ணி குடிக்கியா இல்லையா?"

"இல்ல. ஊத்திருவேன்."

"எங்கன?"

"சைக்கிள் நிறுத்துற இடத்துல ஒரு நெட்டிலிங்கம் நிக்கில்லா, அதுக்கு."

"கொழுப்பாட்டி ஒனக்கு? குடிக்கிற தண்ணிய மரத்துக்கு ஊத்துத?"

"நான் மட்டுமாம்மா? எல்லாப் பிள்ளையளும் அங்கனதான் ஊத்துவோம். பாட்டில் நெறஞ்சு வந்தா வீட்ல ஏசுவீங்கல்லா."

"குடிச்சா என்ன?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "குடிச்சா போகணும்லாம்மா" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும்போல இருந்தது. இறங்கி எங்கே போவது, யாரை அடிப்பது என்று தெரியவில்லை. வீடு வரும்வரை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அவளைப் பாயில் படுக்கப் போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் கழிப்பறை என்று ஒன்று அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ரோஸ் கலர் அடித்து, கதவில் ஒரு பெண் முகம் வரைந்து, பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும். பக்கத்தில் போனதே இல்லை, அன்றுதான் போனேன். எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். ஆழம் தோண்டாமல் எழுப்பிய கட்டடத்தை அது சும்மா விடாது. தரை ஒரு பக்கம் தூக்கி, நிலை கோணி, இரண்டு கதவுகளும் பாதியில் நின்றுவிட்டன. சாத்தவும் முடியாது, முழுக்கத் திறக்கவும் முடியாது. பின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. என் கை தாராளமாக உள்ளே போனது. அந்த வெடிப்பு வழியாகப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சும், அதில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளும் தெளிவாகத் தெரிந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்து எத்தனை காலமோ.

முன்பெல்லாம் பிள்ளைகள் பின்னால் இருந்த வேலிக்கருவைக் காட்டுக்குள் போய்வந்தார்களாம். அதையும் மைதானத்துக்காக மிஷின் வைத்து வழித்துவிட்டார்கள். மைதானத்துக்கும் உபயம் உண்டு, போர்டு இருக்கிறது. டீச்சர்மார்கள் பக்கத்து வீடு ஒன்றில் சொல்லிவைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வீடு இல்லை.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சத்தம் போட்டுவிட்டு வரலாம். அவர் எல்லா இடத்துக்கும் எழுதிப் போட்டிருந்தார். எல்லா இடத்திலிருந்தும் அடுத்த வருஷம் என்று பதில் வந்திருந்தது.

"கட்டடம் கட்டி இன்னும் போதுமான வருஷம் ஆகலயாம், அதனால இடிக்க முடியாதாம். இடிக்காம புதுசு தர மாட்டாங்களாம். நான் என்னம்மா செய்ய?"

"உபயம் கேட்கலாம்லா சார்? எல்லாத்துக்கும் கேட்டீங்களே."

அவர் கூச்சத்துடன் சிரித்தார். "இதுக்கு யாரும்மா பேர் எழுதிக்கிடுவாங்க?" என்றார்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். மிஷினில் துணி அப்படியே கிடக்கும், நான் பஸ்ஸில் இருப்பேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கயத்தாற்றில் லாரி ஷெட் வைத்திருக்கும் ஒருவர் இன்னொரு கடிகாரம் தருகிறேன் என்றார். கடம்பூரில் போளிக்கடை வைத்திருப்பவர் ஆண்டு விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் போளி என்றார். கழிப்பறை என்றதும் இருவர் முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

"யம்மா, நான் திங்குற சாமான் விக்கிறவன்" என்றார் போளிக்கடைக்காரர். "கக்கூஸ் செவத்துல எங்கடைப் பேர் இருந்தா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?"

அதில் நியாயம் இருந்தது, அதனால் எனக்குக் கோபம் கூடியது. அவர் பொட்டலம் கட்டிக் கொடுத்த போளியைப் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன். கோபத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது.

கடைசியாகத் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சியிடம் போனேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அண்ணாச்சி எங்கள் ஊரில் பிறந்து, கோவில்பட்டியில் ஆபீஸ் வைத்துப் பெரிய ஆளானவர். பள்ளிக்கூடத்து நுழைவு வளைவு அவர் அய்யா பெயரில் இருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வரிசை நெட்டிலிங்கக் கன்றுகளும் அவர் வைத்தவைதான். ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கூண்டு, கூண்டில் குடும்பத்தார் ஒருவர் பெயர். நெட்டிலிங்கம் நிழலுக்கும் ஆகாது, காய்க்கும் ஆகாது. கரிசலில் தண்ணீர் இல்லாமல் அது நிற்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அத்தனையும் பட்டுப்போயின. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்ற ஒன்று மட்டும் பச்சைப் பசேல் என்று ஆள் உயரம் தாண்டி வளர்ந்துவிட்டது. அதன் கூண்டில் இருந்தது அவர் அம்மா பெயர்.

"வா தாயி. பள்ளிக்கூட விசயமா? ஒங்க ஹெட்மாஸ்டர் கலையரங்கம் கேட்டிருக்காரு. மனசுல வச்சிருக்கேன்."

"கலையரங்கம் இருக்கட்டும் அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளையளுக்குக் கக்கூஸ் வேணும்."

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ஆபீஸில் வேலை செய்யும் பெண்கள் காதில் விழுந்துவிடப் போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "அதுல போயி எங்கம்மா பேர எப்படித் தாயி எழுத?"

"எழுத வேண்டாம். பேர் போடாமக் குடுங்க."

"பேர் போடாமக் குடுத்தா அதுக்குப் பேரு வரியில்லா? அதத்தான் கவர்மெண்டுக்குக் கட்டிக்கிட்டே இருக்கேனே."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"வேணும்னா ஒரு சரஸ்வதி சிலை செஞ்சு தாரேன்" என்றார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல சரஸ்வதிக்கும் கஷ்டந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கியபிறகுதான், பேசிய பேச்சுக்கு இனி கலையரங்கமும் கிடைக்காதே என்று உறைத்தது.

வீட்டில் மகள் எனக்காகக் காத்திருந்தாள். மாத்திரை முடியும்வரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பாதி நாள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். நான் போட்டுவிட்டுப் போன சட்டைக்குக் காஜா எடுத்து வைத்திருந்தாள். சுத்தமான வேலை. எனக்குப் பகீர் என்றது.

"அம்மா, நான் பத்தாவதுக்குப் போகல. ஒன்கூட இருந்து தைக்கேன்."

"ஏன்?"

"இங்கன இருந்தா தண்ணி குடிக்கலாம்லா."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடி சாதாரணமாகச் சொன்னாள். அவள் அப்பாவிடம் போனில் சொன்னேன். பின்னால் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. "ஒடம்பு முக்கியம்லா. கொஞ்ச நாள் பார்ப்போம், இல்லன்னா நிறுத்திருவோம்" என்றார். எட்டாவதில் என்னை நிறுத்தியபோதும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள். அன்று முழுதும் மிஷினை மிதித்தேன், ஒரு தையலும் நேராக வரவில்லை.

புரட்டாசியில் அண்ணாச்சியின் அம்மா நினைவு நாள். வருஷா வருஷம் அன்றைக்கு லட்டுக் கூடையோடு பள்ளிக்கு வருவார், அந்த நெட்டிலிங்கத்தைத் தொட்டுக் கும்பிடுவார், நாலு வார்த்தை பேசுவார். நான் தலைமையாசிரியரிடம் போய், அவரைச் சாயங்காலம் மணி அடிக்கும்வரை உட்கார வைக்கப் போகிறேன் என்றேன். என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். வாட்ச்மேன்தான் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தாராம் மனுஷன். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. அவர் அந்த மரத்துல அவங்க அம்மாவையே பார்க்கிறார். அதுல போய் விளையாடாதீங்க. கோபப்பட்டார்னா இந்தப் பள்ளிக்கு இனி எதுவும் வராது."

"இப்ப மட்டும் என்ன வருது சார்? கடிகாரம் வருது."

அண்ணாச்சி அன்றைக்கும் அதையேதான் பேசினார். "வரிசையா வச்ச மரம் அத்தனையும் பட்டுப்போச்சு. எங்கம்மா பேர்ல வச்சது மட்டும் எப்படி நிக்கி பாருங்க. தண்ணி இல்லாத கரிசல்ல இப்படி ஒரு பச்சையா? எல்லாம் அவ அருள்." குரல் லேசாக உடைந்தது. போகட்டும், விட்டுவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள், மடியில் நீல பாட்டில், நிறைந்தபடி.

"அண்ணாச்சி, பெல் அடிக்கிற வரைக்கும் இந்த மரத்தடியில உக்காருங்க. ஒண்ணு காட்டணும்" என்றேன். பழைய பேச்சை அவர் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் சைக்கிள் எடுக்க வந்தார்கள். வந்த பெரிய மனிதரைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை, ஆறாவது இருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மூடியைத் திருகித் தண்ணீரைக் கூண்டுக்குள் கொட்டிவிட்டு ஓடப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக எல்லோரும் ஊற்றினார்கள். பாத்தி நிறைந்தது, கரிசல் உறிஞ்சியது, மறுபடி நிறைந்தது. என் மகளும் வந்தாள். என்னைப் பார்க்காமல் ஊற்றினாள்.

அண்ணாச்சி அந்தச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டார். "ஏன் தாயி குடிக்கல?"

அது கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டியது. "கதவு சாத்தாது தாத்தா."

அவர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். கோணிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, சுவர் வெடிப்பின் முன்னால் நின்றார். வெடிப்பு வழியாக டீக்கடை பெஞ்சில் அவருடைய டிரைவர் தெரிந்தார். டிரைவரும் அங்கிருந்து இவரைப் பார்த்துவிட்டார். முதலாளி கூப்பிடுகிறார்போல என்று நினைத்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அண்ணாச்சி சட்டென்று விலகிக்கொண்டார்.

நேரே காருக்குப் போனார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவ. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. இருட்டுனப்பெறகுதான் செம்பை எடுப்பா" என்றார். "நான் அத விரதம்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

கார் போய்விட்டது. நான் அங்கேயே நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதேன். தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து, கோபமாகப் போகிறாரா என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன்.

அடுத்த வாரம் சரளை மண் லாரி வந்தது. கொத்தனாரும் வந்தார். பழையதை இடிக்க வேண்டாம், அனுமதி வாங்கிப் பக்கத்தில் புதிதாகக் கட்டு என்று உத்தரவாம். கீழே சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டு, மறுபடி வெடித்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். தோண்டி முடிக்கவும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழி முழுக்கத் தண்ணீர். மழைக்காக ஏங்கிக் கிடக்கும் ஊரில் மழையைத் திட்டியவள் அந்த வருஷம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தண்ணீர் வடிந்தபிறகு சுவர் எழும்ப ஆரம்பித்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வருவேன். "யக்கா, நீங்க வந்து நின்னா செவரு பயந்து சீக்கிரமா வளந்திருமா?" என்றார் கொத்தனார்.

தை பிறந்ததும் வேலை முடிந்தது. நல்ல கதவு, உள்ளே தாழ்ப்பாள், உயரத்தில் ஜன்னல், போர் தண்ணீருக்குத் தனித் தொட்டி. உப்புத் தண்ணீர்தான், அதற்குப் போதும். பெயின்டர் டப்பாவும் கையுமாக நின்று என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம் தாயி."

"அப்ப வரி கட்டிட்டீங்க அண்ணாச்சி."

"கட்டிட்டேன்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லாத சுவர் அது ஒன்றுதான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் திறந்து வாரங்கள் ஆகியும் மகளின் பாட்டில் காலியாகவே வந்தது. அந்தக் காலியை நான் இனி நம்பத் தயாராக இல்லை. "குடிச்சியா, ஊத்துனியா?" என்று கேட்டால், "குடிச்சேம்மா" என்பாள், கண்ணைப் பார்க்காமல். கதவு நல்லதா, தாழ்ப்பாள் விழுமா, உள்ளே இருக்கும்போது யாராவது தள்ளுவார்களா என்று பிள்ளைகளுக்குள் பயம். வருஷக்கணக்காக அடக்கிப் பழகிய உடம்பு ஒரு கட்டடம் கட்டியதும் மாறிவிடுமா? ஆனால் இதை எல்லாம் யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிள்ளைகள் பொய் சொல்வார்கள், மரம் சொல்லாது. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் அந்த நெட்டிலிங்கத்தைப் பார்ப்பேன். பளபளவென்று நிற்கும். புதுக் கொழுந்து வேறு விட்டிருந்தது. ஒரு மரத்தின் மேல் மனுஷிக்கு இவ்வளவு வெறுப்பு வருமா என்று எனக்கே ஆச்சரியம். மாசி மாதம் பருத்தி எடுத்து முடித்த காடுகள் எல்லாம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன, அது மட்டும் பச்சையாக நின்றது. ஒருநாள் கூண்டுக்குள் கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். வீட்டுக்கு வந்து மகளை ஏசினேன். அவளும் திரும்ப ஏசினாள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

"ஒரே நாள்ல எல்லாரும் போவாங்களாம்மா? ஒருத்தி வெளிய நிக்கா, ஒருத்தி உள்ள போறா. இப்பத்தான் பழகுதோம்" என்று மறுநாள் காலையில் சொன்னாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

பங்குனியில் தலைமையாசிரியர் போன் செய்தார். குரலில் பதற்றம்.

"கொஞ்சம் வர முடியுமாம்மா? அண்ணாச்சி மரம் வாடுது."

துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தன. கொழுந்து தலை தொங்கியிருந்தது. கூண்டுக்குள் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எந்தப் பிள்ளையும் இப்ப ஊத்த மாட்டேங்குது. கேட்டா பாட்டில்ல தண்ணி இல்ல சார்னு சொல்லுதுங்க. அவர் வந்து பார்த்தா என்ன சொல்ல?"

அந்தக் கூண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. எழுந்து எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தபடியே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, ஒங்க அம்மா மரம் வாடுது" என்றேன்.

தப்பாக எடுத்துக்கொண்டாரோ என்று பயந்தேன். பிறகு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாடட்டும் தாயி" என்றார். "எங்கம்மா கோவிச்சுக்கிட மாட்டா."

சாயங்காலம் மகள் சைக்கிளை நிறுத்தினாள். பாட்டிலை நான் குலுக்கிப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குள் போய்ச் செம்பு நிறைய மோந்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பத்தாவதுக்குப் பெரிய பாட்டிலா வாங்கிக் குடும்மா. இது மத்தியானத்துக்கே பத்த மாட்டேங்கு."

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் மரத்துக்கு நானே ஊற்றினேன். இன்றுவரை ஊற்றுகிறேன்.